சர்க்கரை இருக்கும் அப்பா மாம்பழம் சாப்பிடலாமா?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 7.6. டாக்டர் பழமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டார். ஆனால் மே மாதம் வந்தால் அப்பா கடைத்தெருவுக்குப் போகிற சாக்கில் மல்கோவா வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறார். தினம் சண்டை. எந்தப் பழம் கொடுக்கலாம், எவ்வளவு, எந்த நேரத்தில்? ஜூஸாகக் கொடுத்தால் பரவாயில்லையா? நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டால் பழத்தால் ஏறுவதைச் சரிக்கட்டிவிடலாமா? இவைதான் கேள்விகள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடலாம். மாம்பழமும் அதில் சேர்த்திதான். ஆனால் வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட பிறகு, அதற்கு மேல் ஒரு மாம்பழம் என்பது கூடாது. பழத்துக்கு இடம் வேண்டுமென்றால் தட்டிலிருந்து வேறு ஏதாவது இறங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் பல வருடமாக என் வேலை. "எந்தப் பழம் சாப்பிடலாம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. "எதைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். சர்க்கரை ஏறுவதும் ஏறாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது நாக்கில் தெரியும் இனிப்பு மட்டுமல்ல. மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த மொத்த கார்போஹைட்ரேட்தான் ஏற்றுகிறது. சுருக்கமாக கார்ப் என்றே எழுதுகிறேன். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்ப் இருக்கிறது. நம் வீடுகளில் மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்று போகும்போது 300 கிராம் சோறு சர்வசாதாரணம். அதில் மட்டும் 84 கிராம் கார்ப். இதோடு உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும் வேறு. மாம்பழச் சதை 100 கிராமில் இருப்பதோ 15 கிராம்தான்.

இப்போது அப்பாவின் மல்கோவாவைப் பாருங்கள். நல்ல பழம் ஒன்று அரைக் கிலோ வரும். தோலும் கொட்டையும் போக 300 கிராம் சதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 கிராம் கார்ப். வழக்கமான சோற்றையும் சாப்பிட்டுவிட்டு முழுப் பழத்தையும் சாப்பிட்டால் 129 கிராம். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? அதே மனிதர் சோற்றை 200 கிராமாகக் குறைத்துக்கொண்டு, காய்கறியைக் கூட்டிக்கொண்டு, 100 கிராம் மாம்பழம் சாப்பிட்டால் மொத்தம் 71 கிராம். மாம்பழமே இல்லாத வழக்கமான மதியச் சாப்பாட்டைவிட இது குறைவு. வீட்டில் சமையல் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை சோற்றை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழத்தின் மேல் இருக்கிற கோபம் பாதி குறைந்துவிடும்.

சோற்றின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனால் 21 நாடுகளில் நடந்த ப்யூர் என்ற பெரிய ஆய்வு 2020இல் வெளியானபோது, வெள்ளை அரிசி அதிகம் சாப்பிடுவதற்கும் சர்க்கரை நோய் வருவதற்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தெரிந்தது. நாம் சோற்றில் கை வைக்க மனமில்லாமல், பாவம், வாயில்லாத பழத்தைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

பழத்தின் பக்கம் என்ன ஆதாரம் இருக்கிறது? சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஏற்கெனவே சர்க்கரை இருந்தவர்களில், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பழம் சாப்பிட்டவர்களிடம் மரண விகிதம் 17 சதவீதம் குறைவாக இருந்தது. கண், சிறுநீரகம், ரத்தக் குழாய் சார்ந்த பாதிப்புகளும் குறைவு. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தினமும் பழம் வாங்கிச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருக்கலாம். அதனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டென்மார்க்கில் நடந்த ஒரு சின்னச் சோதனை. புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 63 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் இரண்டு பழமாவது சாப்பிட வேண்டும் என்றும், இன்னொரு பிரிவுக்கு இரண்டுக்கு மேல் தொடக் கூடாது என்றும் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் ஹெச்பிஏ1சி குறைந்திருந்தது, இரண்டுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2013இல் இது வெளியானது. பழத்தைக் கட்டுப்படுத்தியதால் தனியாக லாபம் எதுவும் வரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ஆப்பிள் மாதிரிப் பழங்களாகத்தான் இருந்திருக்கும். மதியம் மூன்று சுற்றுச் சோறும் அவர்களுக்குக் கிடையாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எந்தப் பழம்? இந்த இடத்தில் எல்லோரும் கிளைசெமிக் இண்டெக்ஸ் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் கொண்டுவந்த அளவுகோல் அது. ஓர் உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று குளுக்கோஸோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஆப்பிள் 36, ஆரஞ்சு 43, வாழைப்பழமும் மாம்பழமும் 51 வாக்கில், அன்னாசி 59, தர்பூசணி 76. வெள்ளைச் சோறு 73. இதைப் பார்த்துவிட்டுத் தர்பூசணி என்றாலே அலறுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரீச்சை 42தானே என்று டப்பாவோடு உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க, பொதுவாக 50 கிராம் கார்ப் வரும் அளவுக்கு அந்த உணவைக் கொடுத்துச் சோதிப்பார்கள். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் ஏழெட்டு கிராம்தான் கார்ப். 50 கிராம் வர வேண்டுமானால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்ன வேண்டும். உங்கள் அப்பா ஒரு கிண்ணம், அதாவது 200 கிராம் சாப்பிட்டால் 15 கிராம்தான் உள்ளே போகிறது. பேரீச்சையோ 100 கிராமில் 75 கிராம். இரும்புச்சத்து என்று சொல்லிக் காலையில் ஆறேழு உருண்டை போட்டுக்கொள்கிறவர் ஒன்றரைத் தட்டு இட்லிக்குச் சமமாகச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் டிஃபனே சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். உலர் திராட்சை, உலர் அத்தி, தேனில் ஊறிய எதுவாக இருந்தாலும் இதே கதைதான். பஞ்சாமிர்தத்தைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரசாதமாக நாக்கில் வைக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆகவே நான் வேகத்தைவிட அளவைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு வேளைக்குச் சுமார் 15 கிராம் கார்ப் தரும் பழம் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும். மாம்பழம் என்றால் 100 கிராம், அதாவது பெரிய பழத்தில் ஒரு பக்கக் கதுப்பில் முக்கால்வாசி. நடுத்தரக் கொய்யா ஒன்று. சின்ன ஆப்பிள் ஒன்று. ஆரஞ்சு ஒன்று. பப்பாளித் துண்டுகள் ஒரு கப். அன்னாசி இரண்டு வளையம். மாதுளையில் பாதி. திராட்சை என்றால் ஒரு கைப்பிடி. கொத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கக் கூடாது. சப்போட்டாவும் சீத்தாப்பழமும் அடர்த்தியான இனிப்பு, 100 கிராமில் 20, 23 கிராம் வரும். சப்போட்டா சின்னதாக ஒன்று, சீத்தா பாதி. பலாவும் அப்படித்தான், பண்ருட்டிப் பலாவில் இரண்டு சுளையோடு எழுந்துவிட முடியும் என்றால் சாப்பிடலாம். முடியாது என்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. நெல்லிக்காய்க்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, அதன் புளிப்பே அளவைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் தேன் நெல்லிக்காய் வேறு கணக்கு.

கொய்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிப் போவது நமக்கு ஒரு கௌரவம். ஆனால் சர்க்கரைக்காரருக்கு ஆப்பிளைவிடக் கொய்யா மேல். ஆப்பிளில் 100 கிராமுக்கு இரண்டரை கிராம் நார்ச்சத்து என்றால் கொய்யாவில் ஐந்து கிராமுக்கு மேல். வைட்டமின் சியில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. விலையும் கட்டுப்படியாகும். பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து வருகிற கொய்யா கிடைத்தால் வாங்குங்கள். கனிந்து குழைந்த பழம் வேண்டாம், கடிக்கும்போது சத்தம் வருகிற பதம்தான் நல்லது. தோலும் விதையும் சேர்த்தே சாப்பிடச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் கொஞ்சம் தூவிக்கொண்டால் தவறில்லை. உப்பு மட்டும், பிரஷர் இருந்தால் வேண்டாம்.

வாழைப்பழத்தில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். "நாட்டுப் பழம் சர்க்கரையை ஏற்றாது, செவ்வாழை நல்லது, பச்சை வாழைதான் கெடுதல்" என்று ஆளுக்கொரு சித்தாந்தம். ரகத்தைவிடப் பழத்தின் பருமன்தான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. எந்த வாழைப்பழத்தை எடுத்தாலும் 100 கிராம் சதையில் ஏறக்குறைய 23 கிராம் கார்ப் என்று வைத்துக்கொள்ளலாம். நேந்திரனில் இன்னும் கூடுதல். ஏலக்கி ஒன்றின் சதை நாற்பது ஐம்பது கிராம்தான் வரும், ஆக 10 கிராம் கார்ப். ரஸ்தாளி நடுத்தரமாக ஒன்று என்றால் 15 வாக்கில். பெரிய செவ்வாழை ஒன்று 30 கிராமைத் தொட்டுவிடும். நன்கு பழுத்த பெரிய நேந்திரன் 40. செவ்வாழை நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினம் முழுசாக ஒன்று சாப்பிடுகிறவர், அவர் பயப்படுகிற ஏலக்கியில் மூன்று சாப்பிட்டதற்குச் சமம். நாட்டுப் பழம் என்பதால் மட்டும் சர்க்கரை பயந்து ஓடாது. கற்பூரவல்லியின் இனிப்பைச் சுவைத்தவருக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

பழுத்த பதமும் ஒரு விஷயம். கொஞ்சம் செங்காயாக இருக்கும் வாழையில் சீக்கிரம் செரிக்காத மாவுச்சத்து மிச்சம் இருக்கும். தோலில் கரும்புள்ளி விழுந்து கனியக் கனிய அது சர்க்கரையாக மாறும். மொத்த கார்ப் பெரிதாக மாறாது, ரத்தத்தில் ஏறும் வேகம் கூடும். அதனால் பூஜைக்கு வைத்து நான்கு நாள் ஆகிப்போன பழத்தை "வீணாகுதே" என்று அப்பாவின் தட்டில் வைக்காதீர்கள். இன்னொன்று, இரவு படுக்கப் போகும்முன் ஒரு வாழைப்பழம், காலையில் வயிறு சுத்தமாகும் என்ற வழக்கம். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் அடியோடு பிடுங்க வேண்டியதில்லை. ஏலக்கி ஒன்று வைத்துக்கொண்டு, இரவு டிஃபனில் ஒரு இட்லியைக் குறைத்துவிடுங்கள். மலச்சிக்கலுக்கு மதியம் கீரையும் நாள் முழுக்கத் தண்ணீரும் அந்தப் பழத்தைவிட அதிகம் உதவும்.

நேரம் பற்றி. சாப்பிட்ட கையோடு பழம் வேண்டாம் என்பதற்குக் காரணம் செரிமானம் கெடும் என்பதல்ல. அப்போதுதான் சோற்றின் சர்க்கரையும் ஏறிக்கொண்டிருக்கும், அதன்மேல் இதுவும் சேரும். காலை 11 மணி வாக்கிலோ, சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கோ கொடுங்கள். அந்த நேரத்தில் போகிற பிஸ்கட்டும் முறுக்கும் பஜ்ஜியும் பழத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. டீயும் இரண்டு பிஸ்கட்டும் மாம்பழமும் என்றால் மறுபடியும் பழைய கதை. பழத்தோடு ஒரு சின்னப் பிடி வேர்க்கடலையோ நாலைந்து பாதாமோ சேர்த்துக்கொண்டால் ஏறுவது கொஞ்சம் நிதானப்படும், பசியும் அடங்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு கால் மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது. வெறும் வயிற்றில் காலை முதல் வேலையாகப் பழம் சாப்பிடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நிறையப் பேருக்குக் காலையில்தான் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் சர்க்கரை உள்ளவருக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

சில பேர் கேட்பார்கள், மதியம் சாப்பாட்டோடுதான் மாம்பழம் வேண்டும், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளாமல் அது என்ன சீசன் என்று. நியாயம்தான். அன்றைக்குச் சாம்பார் சாதத்தை விட்டுவிடட்டும். முதலில் பொரியல், கூட்டு, ஒரு முட்டையோ மீனோ சுண்டலோ. அப்புறம் ஒரு சின்னக் கரண்டி தயிர் சாதமும் ஒரு கீற்று மாம்பழமும். காயும் புரதமும் முதலில் போய், சோறு கடைசியில் போனால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்பதை அமெரிக்காவில் சிறிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஜூஸ் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். வீட்டில் சர்க்கரை போடாமல் பிழிந்தாலும் வேண்டாம். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும். உட்கார்ந்து உரித்து மூன்று பழம் தின்ன யாருக்கும் பொறுமை இருக்காது, ஆனால் டம்ளர் ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். இதை 1977லேயே இங்கிலாந்தில் அளந்து பார்த்தார்கள். ஒரே அளவு கார்ப் வரும்படி ஆப்பிளை முழுசாகவும், கூழாகவும், ஜூஸாகவும் கொடுத்தார்கள். ஜூஸை உள்ளே தள்ள ஆன நேரம், முழு ஆப்பிளுக்கு ஆனதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஜூஸ் குடித்தபோது இன்சுலின் அதிகம் எகிறியது, பசியும் அவ்வளவாக அடங்கவில்லை. 2013இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், முழுப் பழமாக, குறிப்பாக ஆப்பிள், திராட்சை, புளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாகவும், பழ ஜூஸ் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. பழம் ஒன்றுதான், வடிவம்தான் வேறு. கடையில் போடும் சாத்துக்குடி ஜூஸிலும் மில்க் ஷேக்கிலும் எத்தனை கரண்டி சர்க்கரை விழுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். இளநீர் பரவாயில்லை, ஒரு டம்ளரில் பத்து கிராமுக்குள்தான் சர்க்கரை. ஆனால் அதுவும் கணக்கில் வரும், தண்ணீர்க் கணக்கில் அல்ல.

ஜூஸ் மருந்தாகிற ஒரு நேரம் உண்டு, அதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம். சோதித்தால் 70க்குக் கீழே. அப்போது கொய்யாவும் ஆப்பிளும் உதவாது, மெதுவாக ஏறும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். இல்லையென்றால் அரை டம்ளர் ஜூஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை கொடுத்தாலும் சட்டென்று வேலை செய்யாது, ஏனென்றால் அதை உடைக்கும் வேலையைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான். சோறைக் குறைக்கச் சொல்லி இவ்வளவு எழுதியதால் இதையும் சொல்லியாக வேண்டும்: கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது.

இதெல்லாம் பொதுக் கணக்கு. உங்கள் அப்பாவின் உடம்பு என்ன சொல்கிறது என்பதை வீட்டுக் குளுக்கோமீட்டரே சொல்லும். ஒரு நாள் சாயங்காலம் மாம்பழம் சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. 180ஐத் தாண்டாமல், முன்பைவிட நாற்பது ஐம்பதுக்குள் ஏறியிருந்தால் அந்த அளவு அவருக்கு ஒத்துப்போகிறது. எகிறியிருந்தால் அடுத்த முறை பாதி. இன்னொரு நாள் கொய்யாவை வைத்து இதையே செய்யுங்கள். அவரே ஊசி குத்தி, அவரே எண்ணை எழுதட்டும். ஒளித்துச் சாப்பிடுகிறவரிடம் அளவு பேச முடியாது; மீட்டரைக் கையில் கொடுத்தால் பேச முடியும்.

ஒரு எச்சரிக்கை. மாம்பழம் நறுக்கிய கையோடு விரலில் குத்திப் பார்த்தால் 250, 300 என்று காட்டி வீட்டையே கலக்கிவிடும். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றின் குளுக்கோஸ்தான் அது. ஜப்பானில் 2011இல் இதைச் சோதித்தார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும்கூட அளவு பொய்யாக ஏறியே காட்டியது; குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியாக வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

டாக்டர் ஏன் பழமே வேண்டாம் என்றார்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்து நிமிட ஓ.பி.யில் "கொஞ்சம் சாப்பிடலாம்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தால் தெரியும், நோயாளி வீட்டுக்குப் போவதற்குள் கொஞ்சம் என்பது ஒரு முழுப் பழமாகிவிடும். சர்க்கரை 300இல் நின்று ஹெச்பிஏ1சி பத்தைத் தாண்டியிருக்கும் காலத்தில், இறங்கும் வரை இனிப்புப் பழங்களை நிறுத்திவைப்பதும் நியாயமே. 7.6 அந்த நிலை அல்ல. அடுத்த முறை போகும்போது மேலே சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், சோற்றைக் குறைத்து 100 கிராம் பழம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிறவரிடம் பேச்சு வேறு மாதிரி போகும். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம்தான் இருக்கிறது. அப்பாவுக்கு நான் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அவருக்கென்று தனிச் சாப்பாடு எதுவும் இல்லை.

ஆனால் டாக்டரிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கிரியாட்டினினும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன? எட்டு வருடச் சர்க்கரை என்றால் சிறுநீரகத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் நான் இதுவரை எழுதியதில் பாதி தலைகீழாகும். புகழ்ந்து தள்ளிய கொய்யா, வாழை, ஆரஞ்சு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். அவர்களுக்கு ஆப்பிளும் அன்னாசியும்தான் அளவாக. நட்சத்திரப் பழம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் மூளையைத் தாக்கி உயிர் போனதும் உண்டு. கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்களும், முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலின் போடும் பிள்ளைகளும் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர்களுக்கான கணக்கே தனி.

கடைசியாக நாவல் கொட்டைப் பொடி. நாவல் பழம் நல்ல பழம், ஆடி மாதத்தில் கிடைக்கும்போது ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடட்டும், மற்றப் பழங்களைப் போல அதற்கும் கணக்கு உண்டு. கொட்டையின் மேல் எலிகளிடம் நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை குறைவு, சிறியவை. மாத்திரைக்கு மாற்றாக நிற்கும் அளவுக்கு எதுவும் இல்லை. மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் பொடியைப் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் பொடியைவிட ஆபத்து, ஏனென்றால் அப்போது 100 கிராம் 300 ஆகிவிடும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கிளிமிபிரைடோடு சேரும்போது சர்க்கரை தாழ்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார். கடையில் லேபிள் இல்லாமல் விற்கும் "சர்க்கரைப் பொடி" எதையும் வாங்காதீர்கள். சிலவற்றில் ஆங்கில மருந்தையே பொடித்துக் கலந்து விற்றதைப் பிடித்திருக்கிறார்கள்.